அரை இஞ்சு மாஸ்டரின் மாடிப்படி

தையற்கடை மாஸ்டருக்கு அந்தத் தெரு வைத்திருந்த பெயர் அரை இஞ்சு. எதைத் தைத்தாலும் உள்பக்கம் அரை இஞ்சுத் துணியை மடித்து விட்டுத்தான் தைப்பார். பள்ளிக்கூடச் சீருடையா, பிள்ளை வளரும், அரை இஞ்சு. கல்யாணக் கோட்டா, மாப்பிள்ளை இனிமேல்தான் வேளாவேளைக்குச் சாப்பிடப் போகிறார், அரை இஞ்சு. "பின்னாடி பிரிச்சு விட்டுக்கலாம்" என்று ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்லாமல் அவர் கடையை மூடியதில்லை. டீக்கடையில் அவர் தலை தெரிந்தாலே, "அரை இஞ்சு வந்துட்டாரு, டம்ளர்ல அரை இஞ்சு கூடவே ஊத்து" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே அந்தக் கூடுதல் டீயைக் குடித்துவிட்டு வருவார்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் மனிதர் பிடித்த பிடியை விடமாட்டார். கடைச் சுவரில் ஓர் அட்டை தொங்கும். அவரே எழுதியது. 'பழைய அளவுக்குத் துணி வெட்டப்பட மாட்டாது.' ஒருமுறை வங்கி மேனேஜர் ஒருவர் துணியை ஆள் மூலம் கொடுத்தனுப்பி, போன வருஷ அளவையே வைத்துத் தைத்துவிடுங்கள் என்று போனில் சொன்னார். இவர் துணியை மடித்து அதே ஆளிடம் திருப்பி அனுப்பிவிட்டார். மேனேஜருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தானே நேரில் வந்து, "ஒரு வருஷத்துல நான் என்ன யானையாவா ஆயிட்டேன்?" என்று கேட்டார்.

"உடம்பு நம்மளக் கேக்காமயே மாறிடும் சார். கைய கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்லி டேப்பைச் சுற்றினார் மாஸ்டர். இடுப்பு இரண்டரை இஞ்சு கூடியிருந்தது. மேனேஜர் அடுத்த கையைத் தானாகவே தூக்கிக் கொடுத்தார்.

இப்படிப்பட்ட மனிதர் வீடு கட்டக் கிளம்பினார்.

மனை பல வருஷங்களுக்கு முன்பே வாங்கியது. கடையிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் வரும் ஒரு குறுக்குத் தெருவில், முப்பதுக்கு நாற்பது. பிள்ளைகள் மூன்று பேரையும் படிக்க வைத்து ஆளாக்குகிற மும்முரத்தில் அது புல் முளைத்துக் கிடந்தது. பெரியவள் கல்யாணமாகி வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். நடுவுள்ளவன் விமானம் ஏறிப் போனவன், வருஷத்துக்கு ஒருமுறை வருகிறான். சின்னவளுக்கும் போன வருஷம் வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. கடைக்குப் பின்னால் ஒரே அறையும் ஒரு சின்னச் சமையலறையுமாக இருந்த வீட்டில் மிஞ்சியது மாஸ்டரும் அவர் மனைவியும்தான். இனி என்ன யோசனை, கடையையும் கீழேயே வைத்து வீட்டைக் கட்டிவிடலாம் என்று அவர் நேராக ஓர் ஆர்க்கிடெக்டிடம் போய் நின்றார்.

அந்த ஆர்க்கிடெக்ட் அவருடைய வாடிக்கைக்காரிதான். முப்பத்தைந்து வயதிருக்கும். முதல் தடவை பேன்ட்டின் நீளத்தைக் குறைக்க வந்தபோது, "உங்களுக்கு இடது கால் வலதை விட கால் இஞ்சு நீளம் மேடம், அதுக்குத் தகுந்த மாதிரி மடிச்சுடறேன்" என்று மாஸ்டர் சொல்ல, அவள் அசந்துபோனாள். இத்தனை வயசு வரைக்கும் அது அவளுக்கே தெரியாது. அன்றிலிருந்து அவர் மேல் அவளுக்குத் தனி மரியாதை.

"சொல்லுங்க மாஸ்டர், புது வீட்டுல யார் யார் இருக்கப் போறீங்க? காலைல எழுந்ததுல இருந்து உங்க நாள் எப்படிப் போகும்?" என்று நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

மாஸ்டர் பையிலிருந்து சுருட்டி நாடா கட்டிய ஒரு பழுப்புத் தாளை எடுத்து மேசை மேல் விரித்தார். நாலு மூலையிலும் பேப்பர் வெயிட் வைத்தால்தான் அது படுத்தது. "வீடு போட்டாச்சு மேடம். நீங்க கட்டிக் குடுத்தா போதும்" என்றார்.

அந்தத் தாளுக்கு வயது இருபத்தேழு.

அன்று ஒரு விடுமுறை நாள் மத்தியானம். வெளியே விடாத மழை. பிள்ளைகள் மூன்றும் ஒரே அறையில் அடைந்து கிடந்து ஒன்றையொன்று பிறாண்டிக்கொண்டிருந்தன. சண்டையை நிறுத்த வேறு வழி தெரியாமல் மாஸ்டர், மாதிரி வெட்டும் பழுப்புத் தாளை வெட்டு மேசையில் விரித்து, "வாங்கடா, வீடு கட்டலாம்" என்றார். ஓர் இஞ்சுக்கு ஓர் அடி என்று கணக்கு. ஆளுக்கோர் அறை வரைந்து கொடுப்பதாகப் பேச்சு. பெரியவள் உள்ளே தாழ்ப்பாள் வைத்த அறை கேட்டாள். தம்பி நுழையக் கூடாதாம். பையனுக்குச் சாலையைப் பார்த்த ஜன்னல், அதுவும் லாரி போகிற சாலை. நாலு வயதுச் சின்னவள் தன் அறையில் யானை வேண்டும் என்று அடம்பிடித்து, கடைசியில் ஒரு மூலையில் யானை வரைந்த பிறகுதான் அடங்கினாள். அது இன்னும் தாளில் இருக்கிறது. காது மட்டும் கொஞ்சம் அழிந்திருக்கிறது.

"உனக்கு என்ன வேணும்?" என்று மனைவியைக் கேட்டார்.

அவளுக்கு அப்போது முப்பது வயது. மடியில் சட்டையைப் போட்டுப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள், ஊசியை நிறுத்தாமல், "எனக்கு மாடியில ஒரு அறை. படி ஏறிப் போய்த் தூங்கணும். நடுவுல படி இருந்தாத்தான் இந்தக் கடை கீழயே நிக்கும். இப்ப என் கூடவே வந்து படுத்துக்குது" என்றாள்.

மாஸ்டருக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. படி என்றால் அவளுக்கு என்னவென்று அவருக்குத் தெரியும். இருவரும் முதன்முதலில் பார்த்துக்கொண்டது ஒரு தையல் கம்பெனியில். அவர் கீழே துணி வெட்டும் பிரிவு, அவள் மூன்றாம் மாடியில் பொத்தான் பிரிவு. லிப்ட் துணி மூட்டைக்கு மட்டும். சாப்பாட்டு மணி அடித்ததும் ஐம்பது அறுபது பெண்கள் படியில் இறங்கி வருவார்கள். அத்தனை காலடிச் சத்தத்திலும் ஒருத்தியின் சத்தம் தனியாகக் கேட்கும். இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்குகிறவள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தச் சத்தத்தில் விழுந்தவர் அவர். அந்தப் படி ஒவ்வொன்றும் ஏழு இஞ்சு உயரம் என்பதை டேப் வைத்து அளந்தும் வைத்திருந்தார். எதற்கு அளந்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. காதல் வந்தவன் செய்கிற வேலைக்குக் காரணம் கேட்கக் கூடாது.

ஆகவே அன்று தாளில், அதே ஏழு இஞ்சு உயரத்தில், பதினாறு படிகள் போட்டார். மேலே அவளுக்கு ஓர் அறை. அதை என்றைக்காவது கட்டிக் கொடுப்பது என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார். இருபத்தேழு வருஷமாக அவிழாத முடிச்சு அது. இப்போது ஆர்க்கிடெக்டிடம் அவர் கேட்க வந்ததும் அது ஒன்றைத்தான்.

ஆனால் முதல் நாளே சிக்கல். ஆர்க்கிடெக்ட் தாளில் இருந்த அறைகளை அளந்து மனைக்குள் வைத்துப் பார்த்தாள். வீடு பக்கத்து மனைக்குள் மூன்று அடி போய் நின்றது.

"மனைய அளந்தவன் தப்பா அளந்திருக்கான்!" என்று மாஸ்டர் குதித்தார்.

"மனை சரியாத்தான் இருக்கு மாஸ்டர். நான் ரெண்டு தடவை அளந்துட்டேன். ஒவ்வொரு அறைக்கும் உள்பக்கம் பென்சிலால விட்டு விட்டு ஒரு கோடு போட்டிருக்கீங்களே, அது என்ன?"

"அது தையல் கோடு மேடம்."

"வீட்டுக்கு எதுக்கு தையல் கோடு?"

மாஸ்டர் தாளைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். முகத்தில் அசடு வழிந்தது. மொத்த வீட்டையும், கழிப்பறையைக் கூட விடாமல், நாலு பக்கமும் அரை இஞ்சு விட்டு வரைந்திருந்தார். கத்தரிக்கோலைப் பிடித்த கை தன் பாட்டுக்குப் பழக்கத்தைக் காட்டியிருக்கிறது. ஆர்க்கிடெக்ட் சிரித்த சிரிப்பில் வெளியறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அரை இஞ்சுகளை உருவி எடுத்ததும் வீடு மனைக்குள் அடங்கி உட்கார்ந்தது.

அடுத்த வாரம் அவள் அவர்கள் இப்போது இருக்கும் வீட்டைப் பார்க்க வந்தாள். வாடிக்கையாளர் எப்படி வாழ்கிறார் என்று பார்க்காமல் அவள் கோடு போடுவதில்லை. மாஸ்டர் வழக்கம்போல் சாலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு படி ஏறினால் உள் அறை. அங்கே உட்கார்ந்துதான் மனைவி காஜா எடுப்பதும் பொத்தான் வைப்பதும். கடை தொடங்கியதிலிருந்து இதே ஏற்பாடுதான். புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசியதைவிட முதுகுக்குப் பின்னால் பேசியதுதான் அதிகம். சண்டை கூட அப்படித்தான். இவர் சாலையைப் பார்த்துக் கத்துவார். போகிறவர்கள் தங்களைத்தான் திட்டுகிறாரோ என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

"உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று ஆர்க்கிடெக்ட் மனைவியைக் கேட்டாள்.

"எனக்கென்ன, ரெண்டு அடுப்பு வெக்க இடம் இருந்தா போதும். அவரு மனசுல எப்படி இருக்கோ அப்படியே போட்டுக் குடுங்க."

ஆர்க்கிடெக்ட் சுற்றிப் பார்த்தாள். பாத்திரம் எல்லாம் இடுப்பு உயரத்தில், அலமாரியின் நடுத் தட்டில். மேல் தட்டும் காலி, கீழ்த் தட்டும் காலி. அந்த ஒற்றைப் படியின் பக்கத்தில் கதவு நிலையில், தோள் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. பெயின்ட் தேய்ந்து மரம் பளபளத்தது.

"இது எப்படி வந்துச்சு?"

"பசங்க சின்ன வயசுல பிடிச்சுத் தொங்குவாங்க" என்று மனைவி சட்டென்று சொன்னாள். சொல்லிவிட்டு முற்றத்தில் ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்தாள். எழுவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆர்க்கிடெக்ட் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பார்ப்பதை மனைவியும் பார்த்தாள். தலையை லேசாக ஆட்டி, வேண்டாம் என்றாள். முன்னால் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

ஆர்க்கிடெக்டுக்குத் தர்மசங்கடம். சொல்லாதே என்று ஒருத்தி கண்ணால் சொல்லிவிட்டாள். சொல்லாமல் வரையவும் மனசில்லை. வெளியே வந்து மாஸ்டரிடம், "படுக்கை அறைய கீழயே வெச்சுக்கலாமே மாஸ்டர்?" என்று மெதுவாகப் போட்டுப் பார்த்தாள்.

மாஸ்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "மேடம், தாழ்ப்பாள எடுத்துடுங்க, யானைய எடுத்துடுங்க, பசங்க அறைய வேணும்னாலும் சுருக்குங்க. மாடி மட்டும் அப்படியே இருக்கணும். அவ என்கிட்ட கேட்டது ஆயுசுக்கும் அது ஒண்ணுதான்."

"சரி. அப்ப எல்லாருக்கும் செய்யற மாதிரி உங்களுக்கும் செஞ்சிடுவோம். மனையில கோடு போட்டு வெக்கறேன். ரெண்டு பேரும் ஒரு நாள் அதுக்குள்ள நடந்து பாருங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்."

கடை விடுமுறை நாள் காலையில் இருவரும் மனைக்குப் போனார்கள். புல்லைச் சீவி, சுண்ணாம்புப் பொடியால் முழு வீட்டையும் உள்ளது உள்ளபடி தரையில் வரைந்து வைத்திருந்தாள் ஆர்க்கிடெக்ட். சுவருக்குக் கோடு, கதவுக்கு இடைவெளி. கூடத்தின் ஓரத்தில் மாடிப்படி, பதினாறு கட்டங்களாக. மாடியைத் தரையில் எங்கே வரைவது? பக்கத்துக் காலி மனைக்காரரைக் கேட்டு அங்கே வரைந்திருந்தாள். படியின் கடைசிக் கட்டத்தைத் தாண்டினால் மாடி.

மாஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இப்ப காலைல அஞ்சரை மணி. எழுந்தாச்சு" என்று அறிவித்துவிட்டு இல்லாத கதவைத் திறந்தார். மனைவியும் சிரித்துக்கொண்டே சேர்ந்துகொண்டாள். சமையலறைக் கோட்டுக்குள் நின்று காற்றில் டீ ஆற்றிக் கொடுத்தாள். "சர்க்கரை போதுமா?" என்று கேட்டாள். அவர் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கற்பனை மெஷினை மிதித்தார். "கேக்குதா?" என்று கத்தினார். "ஊருக்கே கேக்குது" என்றாள். தாளில் வீடு கட்டிய அந்த மழை நாளுக்குப் பிறகு இருவரும் இப்படி விளையாடியதில்லை. ஆர்க்கிடெக்ட் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, கடைய மூடியாச்சு. வா, மேல போகலாம்" என்று மாஸ்டர் படிக்கு வந்தார். ஒன்று, இரண்டு என்று கட்டம் கட்டமாகக் கால் வைத்து எண்ணிக்கொண்டே போனார். பதினாறு முடிந்தது. மாடி அறைக்குள் போய் நின்று, "இதோ இங்கதான் உன் ஜன்னல். மரம் தெரியுது பாரு. வா, வந்து பாரு" என்று திரும்பினார்.

அவள் முதல் கட்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க பாத்துட்டு வாங்க. நான் கீழயே இருக்கேன்."

"அட, தரைதானே. நடந்து வா."

"தெரியுது. இருந்தாலும் வேணாம்."

அப்போதுதான் மாஸ்டர் அவளுடைய கையைப் பார்த்தார். வலது கை, தோள் உயரத்துக்கு எழும்பி, பக்கத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. அங்கே பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. இருபதடி தள்ளி, அதே மண்ணில் நின்றுகொண்டு, அவர் பார்த்தார். கடைக்குள் நுழையும் எவரையும் ஒரு பார்வையில் எடை போட்டுவிடுகிற கண் அது. வலது தோள் இறங்கியிருக்கிறது. இடது முழங்கால் மடங்கவே இல்லை. உடம்பின் பாரம் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. கால் இஞ்சுக் கால் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தவருக்கு இது தெரியாமல் போயிருக்கிறது. ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய அளவு நோட்டில் பக்கம் உண்டு. அவளுக்கு மட்டும் இல்லை. "உன் அளவு என் கண்ணுலயே இருக்கு" என்று பெருமையாகச் சொல்லிச் சொல்லியே அத்தனை வருஷமும் அவளுக்கு ஜாக்கெட் வெட்டிக்கொண்டிருந்தார்.

அவர் மாடியிலிருந்து படி வழியாக இறங்கவில்லை. கோடுகளை மிதித்துக்கொண்டு நேராக அவளிடம் வந்தார்.

"எத்தனை நாளா?"

"மூணு வருஷம் இருக்கும். வலி ஒண்ணும் பெருசா இல்லை. ஏறும்போதுதான்."

"சொல்றதுக்கென்ன?"

"எப்படிச் சொல்றது? எனக்காகன்னு கட்டுறீங்க. அந்தத் தாள எடுத்து விரிச்சாலே உங்க முகம் எப்படி ஆகுதுன்னு உங்களுக்குத் தெரியாது."

"நீதானே கேட்டே?"

"கேட்டேன். முப்பது வயசுக்காரி கேட்டா. நீங்க அவ அளவுக்கே வெட்டிட்டீங்க." அவள் கொஞ்சம் சிரித்தாள். "கடையில அட்டை மட்டும் பெருசா தொங்குது."

மாஸ்டருக்கு அழுகை வந்தது. அதை மறைக்கவும் தோன்றவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தவளை எந்த வருஷத்தில் தொலைத்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னால் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்த குரல் மாறவே இல்லை. அதனால் ஆளும் மாறவில்லை என்று நினைத்துவிட்டார். ஒரு தடவை திரும்பி உட்கார்ந்திருந்தால் போதும்.

ஆர்க்கிடெக்ட் கிட்டே வந்து, "மாடி எங்கயும் போகாது மாஸ்டர். அஸ்திவாரத்துல மேல் பாரத்துக்கும் சேத்துப் பலம் வெச்சுத் தரேன். பசங்க வந்து கேட்டாங்கன்னா, பின்னாடி பிரிச்சு விட்டுக்கலாம்" என்றாள். தன்னுடைய வாசகம் அடுத்தவர் வாயிலிருந்து வந்ததில் அவருக்கு அழுகையோடு சிரிப்பும் சேர்ந்துகொண்டது.

"அப்ப கீழேயே எல்லாம். மெஷினும் அவளும் எதிர் எதிரா இருக்கற மாதிரி போடுங்க மேடம். இனிமே நான் ரோட்டைப் பாக்க வேண்டியதில்ல."

"வாசலுக்கு எப்படியும் படி வரும். மழைத் தண்ணி உள்ள வராம வீட்டை ரெண்டடி தூக்கணும். ஒவ்வொரு படியும் எவ்வளவு உயரம் வெக்கறதுன்னு மட்டும் தெரியணும்."

மாஸ்டர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். விடுமுறை நாளில் கூட அது கழுத்தில்தான் கிடக்கும். மனைவியின் முன்னால் மண்ணில் குந்தி உட்கார்ந்தார்.

"என் தோளப் பிடிச்சுக்கோ. வலிக்காம எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கு."

"ரோட்டுல ஆளுங்க போறாங்க."

"போகட்டும். தூக்கு."

அவள் அவர் தோளில் கையை ஊன்றி இடது காலைத் தூக்கினாள். பாதத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் அவர் டேப்பை நிறுத்திக் குனிந்து பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்கு எடுத்த முதல் அளவு.

"நாலரை" என்றார்.

ஆர்க்கிடெக்ட் பென்சிலை எடுத்தாள்.

"போகப் போக இன்னும் குறையுமேங்க" என்றாள் மனைவி, மெதுவாக.

மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. டேப்பைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் ஆயுசில் எந்த அளவிலும் அரை இஞ்சைக் கூட்டித்தான் அவருக்குப் பழக்கம்.

"நாலுன்னு எழுதிக்குங்க மேடம்" என்றார்.